இரவல் அருவாள்

எங்கள் குடும்பத்தில் கேஸ் வாங்கிய ஒரே ஆள் பெரியம்மாதான். வரப்புத் தகராறோ சொத்துத் தகராறோ இல்லை, துப்பாக்கிக் கேஸ். அறுபதைத் தாண்டிய ஒரு பெண், நெற்றி நிறையத் திருநீறும் கையில் மஞ்சள் பையுமாக, ஆயுதச் சட்டத்தில் குற்றவாளியாகக் கோர்ட்டு வராந்தாவில் நின்றார் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, மானம் போனது. அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரமக்குடியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன வீட்டார், "பிள்ளை நல்லாத்தான் இருக்கு, ஆனா வீட்ல துப்பாக்கிக் கேஸ் இருக்காமே" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அய்யா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டாக" என்று அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் பெரியம்மா வீடு.

பெரியம்மா என் அய்யாவின் அண்ணன் மனைவி. பெரியய்யா காலமான பிறகு தனியாகவே இருந்தார். பிள்ளை இல்லை. நானும் தம்பியும்தான் தன் பிள்ளைகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். முதுகுளத்தூரிலிருந்து சாயல்குடி போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். மிளகாய், சோளம், ஆடு. மீதி இடமெல்லாம் கருவை முள்மரம் மண்டிக் கிடக்கும்.

பெரியம்மாவுக்கு இரும்பைக் கண்டால் ஆகாது. இரும்பு என்றால் வெட்டுகிற இரும்பும் சுடுகிற இரும்பும். வீட்டுக்கு வாலிபப் பிள்ளைகள் யாராவது வந்தால் மற்ற வீடுகளில் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். பெரியம்மா முதலில் அரிவாள்மனையை எடுத்து உள்ளே வைப்பார். கூரையில் செருகியிருக்கும் அரிவாளும், தேங்காய் உரிக்கிற கம்பியும்கூட அடுக்களைக்குள் போய்விடும். அதற்குப் பிறகுதான், "வாங்கய்யா, உக்காருங்க" என்பார்.

ஒரு முறை, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒரு பையனுக்கும் இதே வரவேற்பு நடந்தது. அவன் போன பிறகு நான் கேட்டேன்.

"ஏன் பெரியம்மா, அந்த அண்ணன் பத்திரிகை வைக்கத்தான வந்தாக?"

"பத்திரிகை வைக்கத்தான் வந்தான். கோவம் என்ன, பத்திரிகை வச்சிட்டா தாயி வருது?"

கோபத்தைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. "கோவத்துக்கு மூளை கெடையாது, கை மட்டுந்தான். கைக்கு எட்டுற தூரத்துல வெளக்குமாறு கெடந்தா வெளக்குமாத்தோட முடிஞ்சிரும். அருவா கெடந்தா அருவா." இதை அவர் அடிக்கடி சொல்வார். நாங்கள் அக்காவும் தம்பியுமாக அவரைப் போலவே குரலை இழுத்துச் சொல்லிக்காட்டிச் சிரிப்போம்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. மாசியில் எங்கள் ஊர்ச் சாமிக்குப் பாரிவேட்டைத் திருவிழா. காப்புக் கட்டிய மறுநாள் பெரியம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். வீடு வீடாகப் போய் அரிவாள் இரவல் கேட்பார். "கருவ வெட்ட ஆளு வருது, அருவா பத்தல. திருவிழா முடிஞ்சதும் தந்துருதேன்." வடக்குத் தெரு, தெற்குத் தெரு, எங்கள் காட்டில் களையெடுக்க வருகிறவர்களின் வீடுகள், ஒன்றையும் விடமாட்டார். இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் பகை வரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுக்கிறவர் தரையில் வைப்பார், வாங்குகிறவர் குனிந்து எடுத்துக்கொள்வார். ஆக, பெரியம்மா ஒவ்வொரு வாசலிலும் குனிந்தார். எங்கள் நிலத்தில் கூலிக்கு நிற்பவர்களின் வாசலிலும் குனிந்தார். அடையாளத்துக்கு ஒவ்வொரு பிடியிலும் பழைய சேலைக்கிழிசல் ஒன்றைக் கட்டி, சாக்கில் போட்டுத் தலையில் சுமந்து வருவார்.

அம்மாவுக்கு உயிர் போய்விடும். "இத்தனை ஏக்கரா வச்சிருக்கிற வீட்டு மருமக, ஊர்ல ஒரு வாசப்படி பாக்கியில்லாம கையேந்துறாகளே, எங்கன போயி நான் மூஞ்சிய வைக்க?" என்பார். அதைவிடப் பெரிய வெட்கம், அந்த வீட்டில் கருவை வெட்ட எந்த ஆளும் வந்ததில்லை. திருவிழா முடிந்ததும் அரிவாள்களைத் துருப்போகத் தேய்த்து, எண்ணெய் தடவித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்த மாசியிலும் அதே பொய்யைச் சொல்லிக் கேட்பார். ஊராரும் கொடுப்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு ஏமாளிகளா என்று நினைத்துக்கொள்வேன்.

ஊர் அரிவாளையெல்லாம் அடக்கி வைத்த பெரியம்மாவால் தன் வீட்டுத் துப்பாக்கியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அது ஒத்தைக்குழல் துப்பாக்கி. கருவைக்குள்ளிருந்து காட்டுப்பன்றிகள் வந்து சோளத்தை அழிக்கின்றன என்று பயிர்ப் பாதுகாப்புக்காகப் பெரியய்யா லைசென்ஸ் வாங்கியது. பன்றிகள் அதைக் கண்டு பயந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஊரில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. பாரிவேட்டையன்று சாமி குதிரை வாகனத்தில் ஊருக்கு வெளியே பொட்டலுக்குப் போகும். அங்கே எங்கள் துப்பாக்கி வானத்தைப் பார்த்து ஒரு முறை வெடித்த பிறகுதான் ஈட்டி எறிவார்கள். அந்த முதல் வெடி எங்கள் குடும்பத்து உரிமை. அய்யா அதைப் பற்றிப் பேசும்போது முதுகு தானாக நிமிரும்.

பெரியம்மாவின் முதுகு அப்போது குனியும். ஏன் என்பதை அம்மாதான் ஒரு நாள் மெல்லச் சொன்னார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, பொழுது சாயும் நேரத்தில் கருவைக்குள் ஏதோ அசைந்திருக்கிறது. பெரியய்யா சுட்டிருக்கிறார். அது பன்றி இல்லை, ஆடு மேய்த்த பையன். கெண்டைக்காலில் குண்டுச் சிதறல் பாய்ந்துவிட்டது. பெரியவர்கள் கூடி அன்றைக்கே பேசி முடித்தார்கள். கம்பிவேலியில் விழுந்துவிட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், கேஸ் எழுதவே இல்லை. பையன் பிழைத்துக்கொண்டான், கால் மட்டும் சரியாகவில்லை. பிறகு மாரியூரில் சொந்தக்காரர்களோடு கடல் வேலைக்குப் போய்விட்டான். அவன் எப்போதாவது ஊருக்கு வந்து விந்தி விந்தி நடந்து போனால் பெரியம்மா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். "அன்னைக்கு எழுத வேண்டிய கேஸ எழுதவிடாமப் பண்ணிட்டோம் தாயி" என்று என்னிடமே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

பெரியய்யாவுக்குப் பிறகு லைசென்ஸ் பெரியம்மா பேருக்கு வந்தது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். வடக்குத் தெருவில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள், உயிருக்கு ஆபத்து, பயிருக்கு ஆபத்து என்று மனு எழுதி நாள் கடத்துவார்கள். பெரியம்மா செய்தி கேட்ட மறுநாள் முதல் பஸ்ஸில் இருப்பார். துணைக்கு நான். பெரியய்யாவின் பழைய வேட்டியில் சுற்றிய துப்பாக்கியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்காருவார்.

"என்னம்மா அது, மம்பட்டிக் கணையா?" என்று கண்டக்டர் ஒரு முறை கேட்டார்.

"துப்பாக்கி. லக்கேஜு உண்டுன்னா டிக்கெட் கிழிங்க."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் இருந்தவர் மெல்ல எழுந்து பின்னால் போனார். என் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த பஸ்ஸில் இருந்தார்கள். நான் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு, இந்த அம்மாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கருவைக்காட்டையே பார்த்துக்கொண்டு போனேன்.

தேர்தல் முடிந்தால் எல்லோரும் ஓடிப்போய்த் துப்பாக்கியைத் திரும்ப வாங்குவார்கள். பெரியம்மா போகமாட்டார். ஸ்டேஷனிலிருந்து ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பி, கடைசியில் அய்யா கோபப்பட்டுச் சத்தம் போட்ட பிறகு, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிற பிள்ளையைப்போலக் கிளம்புவார்.

தேர்தலே இல்லாத ஒரு வருஷம், திருவிழாவுக்கு முன்பு பெரியம்மா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காரணம் தம்பி. போலீஸ் தேர்வுக்காகத் தினமும் விடிந்ததும் சாயல்குடி ரோட்டில் ஓடுவான். நல்ல உயரம், நல்ல உடம்பு. அவன் அந்தத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டு ஒரு படம் எடுத்துப் போனில் ஸ்டேட்டஸாக வைத்திருந்தான். என் போனில் பெரியம்மா அதைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அழகாத்தான் இருக்கான். அதான் பயமா இருக்கு" என்றார்.

அதோடு, லைசென்ஸைத் தம்பி பேருக்கு மாற்றிவிட வேண்டும் என்று அய்யா வேறு பேச ஆரம்பித்திருந்தார்.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. இளவயதுக்காரர், வெளி மாவட்டம். "தேர்தல் ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார்.

"திருவிழா வருது சார். முடியுற வரைக்கும் இங்கன இருக்கட்டும்."

"திருவிழாவுக்கெல்லாம் வாங்கி வைக்க எங்களுக்கு உத்தரவு கிடையாதும்மா."

"ஓட்டுப்பெட்டிக்கு மட்டுந்தான் உசுரா சார்? எங்க வீட்டுப் பயலுகளுக்குக் கெடையாதா?"

எஸ்.ஐ. சிரித்தார். நல்ல மனிதர், எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார். "வேண்டாம்னா லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் குடுங்களேன்."

"எழுதிக் குடுத்தா எங் கொழுந்தனார் விடமாட்டாக. மறு மாசமே மகன் பேருக்கு மனுப் போட்டு வாங்கிருவாக. திரும்பி வரவே கூடாதுன்னா என்ன செய்யணும்?"

"அதுக்கு ஒரே வழிதான். லைசென்ஸ் முடிஞ்ச பிறகும் கையில வச்சிருந்து மாட்டிக்கிடணும். கேஸாகி கோர்ட்டுக்குப் போச்சுன்னா லேசுல வெளிய வராது" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். பெரியம்மா டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, "அப்படிங்களா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். துப்பாக்கியோடு அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினோம்.

அந்தத் திருவிழா ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அடுத்த மாசியில்தான் வினை வந்தது.

திருவிழாவுக்கு வைத்த ஃபிளக்ஸ் பேனரில் தம்பியின் முகம் கிழிந்திருந்தது. மாசிக் காற்றாகவும் இருக்கலாம். ஆனால் காற்று எப்படிச் சரியாக முகத்தை மட்டும் கிழிக்கும் என்று எங்கள் தெற்குத் தெருப் பையன்கள் கேட்டார்கள். வடக்குத் தெருவில் மினி வேன் ஓட்டுகிற ஒரு பையன்தான் கிழித்தான் என்று முடிவும் செய்துவிட்டார்கள். இரண்டு தெருவும் பங்காளிகள்தாம். அதனால்தான் கோபம் அதிகம். பெரியம்மா கிழிந்த பேனரைப் போய்ப் பார்த்தார், அதன் கீழே கூட்டமாக நின்ற பையன்களைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார்.

"தாயி, முதுகுளத்தூர் வரைக்கும் வாரியா?"

அதே எஸ்.ஐ. இருந்தார். பெரியம்மா துப்பாக்கியை மேஜைமேல் வைக்காமல் தரையில் வைத்தார். "சார், லைசென்ஸு போன தீவாளிக்கு முன்னயே முடிஞ்சு போச்சு. புதுப்பிக்கல. கையிலயே வச்சிருந்தேன். மாட்டிக்கிட்டேன்."

எஸ்.ஐ.யின் முகம் மாறிவிட்டது. "அம்மா, அன்னைக்கு நான் வேடிக்கையாச் சொன்னேம்மா."

"நான் வேடிக்கையாக் கேக்கலையே சார்."

"உங்க மேல எஃப்.ஐ.ஆர். போடணும். கோர்ட்டுக்கு வந்து நிக்கணும். உங்க வயசுக்கு இது தேவையா?"

"போடுங்க. எங்க வீட்ல பழைய கேஸு ஒண்ணு பாக்கி கெடக்கு."

ஜாமீன் எல்லாம் முடிந்து பஸ் ஏறியதும், "புதுப்பிக்க மறந்துட்டாகன்னு வீட்ல சொல்லிரு. கெழவி புத்தின்னு விட்ருவாக" என்று சொல்லிக்கொடுத்தார்.

சாயங்காலம் நாங்கள் இருவரும் அவர் வீட்டுக் களத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். தம்பி ஓடி வந்தான். சட்டைப் பித்தான் அறுந்திருந்தது, கண் சிவந்திருந்தது.

"பெரியம்மா, பீரோச் சாவியக் குடு."

"எதுக்குய்யா?"

"குடுங்கிறேன்ல!"

"பீரோவுல ஒண்ணும் இல்லய்யா."

அவன் அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடித்தான். அவர் கையால் மறைத்தார். அவன் அந்தக் கையைப் பிடித்து முறுக்கினான். மணிக்கட்டு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பெரியம்மா கத்தவில்லை, "மெதுவாய்யா" என்று மட்டும் சொன்னார். உள்ளே பீரோ திறக்கும் சத்தமும், துணிகளை வாரி எறியும் சத்தமும் வந்தன. வெளியே வந்து, "எங்க அது?" என்று கத்தினான்.

"போலீஸ்ல. லைசென்ஸ் முடிஞ்சு போச்சுய்யா. மறந்துட்டேன்."

"நீயெல்லாம் ஒரு மனுசியா?" என்று கேட்டான் என் தம்பி. ஒரு அரிவாளாவது கிடைக்குமா என்று அடுக்களையிலும் கூரையிலும் தேடினான். ஊர் அரிவாள்கள் அத்தனையும் நாங்கள் உட்கார்ந்திருந்த மிளகாய்க் குவியலுக்கு அடியில் கிடந்தன. அவன் தண்ணீர்ப் பானையை எட்டி உதைத்துவிட்டு ஓடினான்.

அன்று பொட்டலில் நடந்த சண்டையில் கைக்கு எட்டியதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியும், பந்தலுக்கு ஊன்றிய சவுக்குக் கம்பும்தான். தம்பிக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். வேன் ஓட்டுகிற பையனுக்குத் தோள்பட்டை எலும்பு விட்டுப்போனது. மறுநாள் பெரியவர்கள் கூடிச் சமாதானம் செய்துவைத்தார்கள். போலீஸுக்கு யாரும் போகவில்லை. அன்றைய சண்டையை ஒட்டிப் பதிவான ஒரே கேஸ், சண்டை நடந்த இடத்துக்கே போகாத பெரியம்மா மேல்தான்.

அந்தத் துப்பாக்கி பீரோவில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நடந்த கொலைக்கு எஃப்.ஐ.ஆர். உண்டு, படத்துக்கு மாலை உண்டு, ஊர் முழுக்க சாட்சி உண்டு. நடக்காத கொலைக்கு ஒன்றுமே கிடையாது. அதனால் யாரும் பெரியம்மாவுக்கு நன்றி சொல்லவில்லை. அந்த வருஷம் முதல் வெடி உரிமை போய்விட்டது என்பதுதான் வீட்டில் பெரிய பேச்சு. எங்கள் துப்பாக்கிக்குப் பதிலாக வாணக்காரர் ஒரு வேட்டுப் போட்டார். சாமி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, அய்யாதான் பொட்டலுக்கே போகவில்லை.

கட்டுப் போட்ட கையைப் பற்றிக் கேட்டவர்களிடம், களத்தில் வழுக்கிவிட்டதாகப் பெரியம்மா சொன்னார். சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார், நான் வாயைத் திறக்கக்கூடாது என்று. "கண்ணும் தெரியல, காலும் நிக்கல, லைசென்ஸப் புதுப்பிக்கவும் தெரியல. குடும்ப மானத்த வாங்கத்தான் தெரியுது" என்று அய்யா சொன்னபோது தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். துப்பாக்கியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அது பெரியம்மாவுக்கு விழுந்த தண்டனை என்று எல்லோரும் நினைத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவர் எனக்குப் பனங்கிழங்கு வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு வருஷத்தில் தம்பி போலீஸில் தேர்வானான். அவனைப் பற்றி விசாரிக்க ஒரு போலீஸ்காரர் ஊருக்கு வந்தார். சொந்தத்தில் யார் மேலாவது கேஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் வேலை போய்விடும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நடுக்கம். அய்யா வார்த்தைக்குத் திணறிக்கொண்டிருந்தார். அப்போது பெரியம்மாவே தன் வாசலிலிருந்து இறங்கி வந்தார்.

"சார், அந்தக் கேஸு எம்மேலதான் இருக்கு. நானும் இவுகளும் தூரத்துச் சொந்தம். பேச்சு வார்த்தையே கெடையாது. அந்தப் பய எங்க வீட்டு வாசப்படி மிதிச்சது இல்ல."

ஸ்டேஷனில் ஒரு பொய்கூடச் சொல்லாத பெரியம்மா சொன்ன பொய் அது. போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தில் அன்றே கறி எடுத்துக் குழம்பு வைத்து, ஒரு தூக்குவாளியில் என்னிடம் கொடுத்து அனுப்பினார். பெரியம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"கொண்டுபோயிரு தாயி. இனிமே யாரும் இங்கன வரக்கூடாது. சொன்னது பொய்னு ஆயிரும். எவனாச்சும் ஒரு மொட்டப் பெட்டிசன் போட்டான்னா புள்ளைக்கு வேலை போயிரும்."

குழம்பு ஆறிப்போய்த் திரும்பி வந்தது. அதன்பிறகு சாகும்வரை பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வரவில்லை, எங்களையும் வரவிடவில்லை. தம்பி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு தெருவில் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எனக்குக் கல்யாணமாகி ராமநாதபுரத்துக்கு வந்துவிட்டேன். ஊருக்குப் போனால் அவர் களத்தைத் தாண்டித்தான் போவேன், அவர் தலையை மட்டும் ஆட்டுவார். கேஸ் வாங்கியவர் நம் வாசலில் இல்லையே என்று எங்கள் வீட்டில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கும்தான் இருந்தது. எழுதவே கூசுகிறது.

இதில் இன்னொன்று. பெரியம்மா மேல் கேஸ் இருந்தால் தம்பிக்கு வேலை போய்விடும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அது எங்கள் ஊர்ப் பயம். வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தம்பிக்கு அது தெரிந்துவிட்டது, என்னிடமும் சொன்னான். "அப்ப பெரியம்மாகிட்டப் போயி சொல்லேண்டா" என்றேன். "போறேங்க்கா" என்றான். போகவில்லை. கேஸுக்குப் பயப்படவில்லை, அந்த மணிக்கட்டைப் பார்க்கப் பயந்தான். தேர்தல் வந்தால் அவன் ஸ்டேஷனில் லைசென்ஸ் துப்பாக்கிகளை வாங்கி வைக்கிற வேலை அவனுக்குத்தான். வயதான பெண்கள் யாராவது கொண்டுவந்தால் எழுந்து நின்று வாங்குவதாகச் சொல்வான்.

இந்த மாசியில், காப்புக் கட்டுவதற்குச் சில நாள் முன்னால் பெரியம்மா இறந்துபோனார். மத்தியானம் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே குவியலில் சாய்ந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தம்பியும் வந்திருந்தான். ஆனால் பந்தலுக்குள் வரவில்லை. தெருமுனை வேப்பமரத்தடியில், துக்கம் கேட்க வந்த வெளியூர்க்காரர்களோடு நின்றுகொண்டிருந்தான். பிள்ளை இல்லாதவருக்குக் கொழுந்தன் மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். "யாருப்பா கொள்ளிக்கு?" என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அய்யா தரையைப் பார்த்தார். தம்பி மரத்தைப் பார்த்தான்.

அப்போது வடக்குத் தெருவிலிருந்து ஒருவன் வந்தான். மினி வேன் ஓட்டுகிறவன்தான். இப்போது அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடது தோள் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. கையில் ஒரு அரிவாள். அய்யா பதறி எழுந்தார்.

"என்னப்பா இது, எழவு வீட்ல?"

"காப்புக் கட்டுனா அருவா கேட்டு வருவாகல்ல சின்னையா. இந்த வருசம் அவுக வரமுடியாது. அதான் நானே கொண்டாந்தேன்."

"கருவ வெட்டவா?"

"எந்தக் கருவய? அவுக என்னைக்குக் கருவ வெட்டுனாக? எங்க வீட்டுப் பயலுகளும் ஒங்க வீட்டுப் பயலுகளும் வெட்டிக்கிட்டுச் சாகக் கூடாதுன்னுதான வாங்கி வச்சாக. அது தெரியாமயா ஊரே குடுத்துச்சு?"

அய்யா உட்கார்ந்துவிட்டார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் பின்னால் வேறு சிலரும் வந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு அரிவாளோடு. ஒரு பாட்டி, இதுவும் இருக்கட்டும் என்பதுபோலத் தன் அரிவாள்மனையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்களைத் தவிர அந்த ஊரில் எல்லோருக்கும் பெரியம்மாவைத் தெரிந்திருக்கிறது.

அவன் அரிவாளை அய்யா முன்னால் வைக்கவில்லை. பந்தலைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போனான். தம்பிக்கு முன்னால் தரையில் வைத்தான்.

"எங்கிட்ட எதுக்கு?" என்றான் தம்பி.

"வீட்டு ஆள்ட்டதான வைக்கணும்."

தம்பி அந்த அரிவாளைப் பார்த்தான். பிறகு குனிந்து எடுத்தான். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பந்தலுக்குள் வந்து, பெரியம்மாவைத் தாண்டி வீட்டுக்குள் போனான். அந்த வாசற்படியை அவன் மிதித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. களத்திலிருந்து அள்ளி உள்ளே கொட்டியிருந்த மிளகாய்க் குவியல் பக்கம் அவன் திரும்பியபோது நான் எழுந்து போய், எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். வெளியே வந்து, கொள்ளி வைக்கச் சட்டையைக் கழற்றினான். அடுத்த அரிவாள் வாசலில் வைக்கப்பட்டிருந்தது, அதையும் குனிந்து எடுத்தான்.